கறுப்பு டேப் ஒட்டிய கடிதங்கள்

ஓசூர், மூக்கண்டப்பள்ளி
24-08-2025, ஞாயிறு

மாலை மையம் சுகுணா மிஸ் அவர்களுக்கு,

நான் நாலாம் வகுப்பு மோகனப்ரியாவின் அப்பா. பெயர் பெரியதம்பி. பள்ளி விட்டு நாலரை மணியிலிருந்து ஆறரை வரை என் மகள் உங்கள் மையத்தில்தான் இருக்கிறாள். என் மனைவி பார்வதி கார்மெண்ட்ஸ் வேலை முடிந்து வந்து கூட்டிப் போவாள். நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. இனிமேலும் பார்க்க வழியில்லை. அதற்குக் காரணமே நீங்கள்தானோ என்று நினைக்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் பேசினால் பதிவு செய்யலாம். வாட்ஸப்பில் போட்டால் அரை நிமிஷத்தில் பத்துப் பேருக்குப் போய்விடும். காகிதம் என்றால் ஒன்றுதான், அது யார் கையில் இருக்கிறது என்று தெரியும். கம்பெனி இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்று சுற்றி மோகனா பையில் வைத்திருக்கிறேன். பதிலையும் அவள் பையிலேயே ஒட்டி அனுப்புங்கள். வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியில் தொழிற்சங்கம் ஆரம்பிப்பது பற்றிப் பேச ஐந்து பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். என்னோடு ஆறு. கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம். அதை மோகனா உங்கள் மையத்தில் படமாக வரைந்திருக்கிறாள். ஆறு பேர், ஒவ்வொருவர் தலைக்கு மேலும் பெயர். அதை நீங்கள் சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள். பதினாலாம் தேதி எங்கள் கம்பெனி அதிகாரிகள் உங்கள் மையத்தைப் பார்க்க வந்தார்கள். மையத்துக்குப் பணம் கொடுப்பதே எங்கள் கம்பெனி என்பது ஊருக்கே தெரியும். பதினாறாம் தேதி எனக்கு ஓலை வந்துவிட்டது. பொம்மசந்திரா பக்கம் இருக்கும் கிடங்குக்கு மாற்றல். ஆறு பேரில் ஐந்து பேருக்கு இதே கதி. எங்கள் ஊர்க்காரன் நாராயணப்பன் மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டான், அவன் நல்ல நேரம்.

இப்போது விடியுமுன் கிளம்பி, அத்திப்பள்ளி நெரிசலில் நின்று, மகள் தூங்கிய பிறகு வீடு வந்து சேருகிறேன். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். உங்கள் சுவருக்கு வாயும் இருக்கிறது.

படத்தை எடுத்துவிடுங்கள். வீட்டைப் பற்றி என் மகளிடம் ஒரு வார்த்தை கேட்காதீர்கள்.

பெரியதம்பி


மாலை மையம், ஓசூர்
26-08-2025

மதிப்பிற்குரிய பெரியதம்பி அண்ணன் அவர்களுக்கு,

படத்தை நேற்றே எடுத்துவிட்டேன். பத்திரமாக என் மேஜைக்குள் இருக்கிறது, எப்போது கேட்டாலும் தருவேன்.

நான் ராயக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். எனக்கும் உங்கள் கம்பெனிக்கும் உள்ள உறவு அவர்கள் கொடுத்த பாய், பீரோ, ஃபேன் இவற்றோடு சரி. இங்கே வீட்டுப்பாடம் மட்டும் செய்வதில்லை. நாள் முழுக்க அப்பா அம்மாவைப் பார்க்காத பிள்ளைகள் கோபத்தையும் பயத்தையும் அடுத்தவரை அடித்துக் காட்டாமல், வாயால் சொல்லப் பழகவேண்டும். அதற்குத்தான் இந்த மையம். வாசலில் ஒரு கயிற்றுக் கொடி கட்டி நாலு அட்டை தொங்கவிட்டிருக்கிறோம். நல்லா இருக்கேன், பரவாயில்லை, பேசணும், இப்ப பேச வேண்டாம். வரும்போதே பிள்ளைகள் தங்கள் பெயர் எழுதிய துணி கிளிப்பை எடுத்து ஏதாவது ஒன்றில் மாட்டுவார்கள். யாரையும் ஏன் என்று கேட்க மாட்டோம்.

அந்த வாரம் நான் கொடுத்த தலைப்பு, எனக்குப் பயமாக இருக்கும் நேரம். மோகனா வரைந்ததை நன்றாக இருக்கிறதென்று ஒட்டினேன். பெயர்களைப் பார்த்தேன். மாமா, சித்தப்பா வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அதிகாரி ஒருவர் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார், போனில் படமும் எடுத்தார். எல்லாப் படங்களையும்தான் எடுத்தார். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

படத்தில் என்னம்மா பயம் என்று மோகனாவிடம் அன்றைக்குக் கேட்டேன். "எங்கப்பா எப்பவும் சத்தமாத்தான் பேசுவாரு மிஸ். அன்னிக்கு சத்தத்தக் கொறச்சுப் பேசினாரு" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசலாமா?

சுகுணா


31-08-2025, ஞாயிறு

சுகுணா மிஸ் அவர்களுக்கு,

முதலில், என்னை அண்ணன் என்று எழுத வேண்டாம். பெரியதம்பி அண்ணன் என்று கேட்டாலே இங்கே சிரிப்பார்கள். அது போக, உறவு சொல்லிக் கூப்பிடுகிறவர்களிடம்தான் நான் அதிகமாக ஏமாந்திருக்கிறேன்.

நீங்கள் நன்றாக எழுதுகிறீர்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது. மாதாமாதம் கம்பெனிக்கு ஒரு அறிக்கை போகிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பிள்ளைகள் என்ன சொன்னார்கள், எப்படி மாறினார்கள் என்றெல்லாம் அதில் எழுதுவீர்களாம். பிள்ளைகள் மனசைப் பற்றி கம்பெனிக்கு என்ன கவலை? எட்டு வருஷம் அதே ஷெட்டில் நின்றவன் நான். என் மனசைப் பற்றி ஒருநாளும் அவர்கள் கேட்டதில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

நேரில் பேச எனக்கு ஒன்றுமில்லை. மோகனாவை நிறுத்திவிடலாம் என்றால் ஆறரை வரை அவளை யாரிடம் விடுவது? பக்கத்து வீட்டு ரஹமத் பீவி அக்காவுக்கே முட்டி வலி. அதனால்தான் அனுப்புகிறேன், நம்பி அனுப்புவதாக நினைக்காதீர்கள்.

இன்றைக்குக் காலையில் மோகனாவை உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். வீட்டு விஷயம் அங்கே பேசக்கூடாது. படம் வரைந்தால் பூ, மலை, சூரியன் வரை. யார் எது கேட்டாலும் ஒன்றுமில்லை என்று சொல். தலையாட்டினாள். அவள் சொன்னால் கேட்கிற பிள்ளை.

பெரியதம்பி


08-09-2025, திங்கள்

பெரியதம்பி சார் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னதை மோகனா அப்படியே கேட்கிறாள். ஒரு வாரமாக அவள் வாயிலிருந்து வருவது ஒரே வார்த்தைதான், ஒன்றுமில்லை. கொடியில் கிளிப்பை மாட்டுவதில்லை. எடுத்துப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொள்கிறாள், போகும்போது திருப்பி வைக்கிறாள். வட்டமாக உட்கார்ந்து பேசும்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறாள். சனிக்கிழமை அவள் சிநேகிதி இவளுடைய சாப்பாட்டுப் பெட்டியைத் தட்டிவிட்டாள். வழக்கமாக இருந்தால் சண்டை போடுவாள். அன்றைக்குச் சிந்திய சோற்றைப் பொறுக்கிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். சமர்த்து என்று மற்ற டீச்சர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது சமர்த்தாகத் தெரியவில்லை.

இன்றைக்கு இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். வலது கையை மடியில் மறைத்திருந்தாள். பிடித்துப் பார்த்தால் மோதிர விரல் வீங்கி, நகம் கறுத்துப்போயிருக்கிறது. எப்படி என்று கேட்டேன். ஒன்றுமில்லை. எங்கே? ஒன்றுமில்லை. யாராவது அடித்தார்களா? அதற்கும் அதே பதில்.

பள்ளியில் விசாரித்தேன். காலையில் வரும்போதே அப்படித்தான் இருந்ததாம். நேற்று ஞாயிறு, முழுநாளும் வீட்டில் இருந்திருக்கிறாள். நீங்களும் வீட்டில் இருந்த நாள். அதனால் நேராகவே கேட்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. வீட்டில் யாராவது அவளை அடித்தீர்களா? என் வேலையில் இதைக் கேட்காமல் இருக்கக்கூடாது. பதில் வரவில்லை என்றால் மேலே சொல்ல வேண்டியது என் கடமை.

சுகுணா


09-09-2025, விடிகாலை

சுகுணா மிஸ்,

பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் இருக்கிறது, நின்றுகொண்டே எழுதுகிறேன்.

என் மகள் பிறந்த நாளிலிருந்து இன்றுவரை அவள் மேல் என் கை பட்டதில்லை. பார்வதி எப்போதாவது தலையில் குட்டுவாள், அதற்கே நான் சண்டை போடுவேன். என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி? ஐந்து பேர் பிழைப்பில் மண் விழுந்தது யாரால் என்று நான் கேட்டால் பாய் கொடுத்தார்கள், ஃபேன் கொடுத்தார்கள் என்கிறீர்கள். நீங்கள் மட்டும் என் வீட்டுக்குள் கையை விட்டுத் துழாவலாம். மேலே சொல்வீர்களா? தாராளமாகச் சொல்லுங்கள். என்னை இன்னும் கொஞ்ச தூரம் தள்ளி அனுப்ப அவர்களுக்கும் ஒரு காரணம் வேண்டுமே.

ராத்திரி அவள் தூக்கத்திலேயே விரலைப் பார்த்தேன். ஞாயிறு மத்தியானம் கையால்தான் சாப்பிட்டாள். நான் அசந்து தூங்கினேன், பார்வதி குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ராத்திரி சாப்பாட்டுக்கு ஸ்பூன் கேட்டாள். செல்லம் கொஞ்சுகிறாள் என்று எடுத்துக் கொடுத்தேன். ஒரு பிள்ளை இவ்வளவு வலியை வைத்துக்கொண்டு எப்படி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. இன்றைக்குப் பார்வதி பாதி நாள் லீவு போட்டு இ.எஸ்.ஐ. டாக்டரிடம் காட்டுகிறாள்.

உங்கள் மையத்தில் யாரோ அவளை மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்று நான் சொல்கிறேன். நீங்கள் என்னைச் சொல்கிறீர்கள். அவளோ இரண்டு பேரிடமும் ஒன்றுமில்லை என்கிறாள். அடுத்த மாதத்திலிருந்து அவள் அங்கே வரமாட்டாள்.

பெரியதம்பி


11-09-2025

பெரியதம்பி சார் அவர்களுக்கு,

எலும்பு முறியவில்லை, நகத்தடியில் ரத்தம் கட்டியிருக்கிறது, கதவிலோ எதிலோ நசுங்கியிருக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதாகப் பார்வதி அக்கா கேட்டில் நின்று சொன்னார்கள். உங்களைக் கேட்காமல் என்னிடம் பேசியதற்கு அக்காவைக் கோபிக்காதீர்கள். நான்தான் வழியை மறித்தேன். அழுதார்கள். அதைப் பார்த்த பிறகு உங்கள் வீட்டின் மேல் எனக்கிருந்த சந்தேகம் போய்விட்டது. கேட்டதற்கு வருத்தப்படுகிறேன், ஆனால் இன்னொரு முறை நடந்தாலும் கேட்பேன்.

உங்கள் சந்தேகம் போக நான் என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு நாளாக அந்தப் படத்தையே எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னால்தான் நடந்ததோ என்று எனக்கும் தூக்கமில்லை. ஆனால் ஒன்று இடிக்கிறது. மையத்தை நடத்தும் எங்கள் டிரஸ்டில் ஒரு டப்பா ஸ்கெட்ச் பேனா கேட்டால் நாலு பேர் கையெழுத்துப் போட்டு வருவதற்குள் இருபது நாள் ஆகிறது. பதினாலாம் தேதி சாயங்காலம் ஒருவர் போனில் படம் எடுக்கிறார். பதினைந்து சுதந்திர தினம், லீவு. பதினாறாம் தேதி காலையில் ஐந்து பேருக்கு மாற்றல் உத்தரவு தயாராகிவிடுமா? உங்கள் கைக்கு வந்தது பதினாறு. அந்தத் தாளில் அடித்திருக்கும் தேதி என்ன?

இன்னொன்று. நீங்கள் டேப் ஒட்டிய பிறகு கடிதத்தைப் பிரித்து இன்னொரு முறை படிப்பீர்களா? இதுவரை வந்த மூன்றிலும் டேப்பின் பசைப் பக்கம் முழுக்க, பென்சில் அழிக்கும் ரப்பரின் துகள் ஒட்டியிருந்தது. நானும் எழுதி முடித்துவிட்டு, அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று திரும்பப் பிரிப்பேன். அதனால் கேட்டேன்.

சுகுணா


14-09-2025, ஞாயிறு

சுகுணா மிஸ் அவர்களுக்கு,

இந்தக் கடிதம் மோகனா பையில் வராது. பார்வதி கையில் கொடுத்தனுப்புகிறேன். ஏன் என்று படித்தால் தெரியும்.

உத்தரவு என் டிபன் பையில்தான் கிடந்தது. கொடுத்த அன்றைக்கு ஆத்திரத்தில் நாலாக மடித்துச் செருகியவன் அப்புறம் பிரித்தே பார்க்கவில்லை. ஊரில் எல்லாவற்றையும் துருவித் துருவிப் பார்ப்பவன் என்று எனக்குப் பெயர். இதில் கோட்டை விட்டேன். இன்றைக்குப் பிரித்தேன். தேதி ஒன்பது. ஆகஸ்ட் ஒன்பது. அப்போது உங்கள் சுவருக்கு முன்னால் யாரும் வந்து நிற்கவில்லை.

நாங்கள் கூடிப் பேசிய மூன்றாம் தேதிக்கும் ஒன்பதாம் தேதிக்கும் நடுவில் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். என் இடத்தில் குரூப் லீடராக இப்போது யார் நிற்கிறான் என்று கேட்டேன். நாராயணப்பன். என் வீட்டுச் சுவரில் சாய்ந்து இரண்டு டீ குடித்தவன், எங்கள் ஊர்க்காரன், வாய்க்கு வாய் மாப்ளே என்பவன். கூட இருந்தே குழி பறித்திருக்கிறான். நான் முகம் தெரியாத உங்களோடு மூன்று வாரம் சண்டை போட்டேன்.

அது கிடக்கட்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இதைக் கேளுங்கள். நான் டேப்பைச் சுற்றினால் சுற்றியதுதான், ஒருநாளும் பிரித்ததில்லை. அப்படியென்றால் ரப்பர் துகள் எப்படி வரும் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். துணி டேப், உரித்தால் அழகாக வரும், மறுபடி ஒட்டினாலும் ஒட்டும். அது எனக்குத் தெரியாதா? மெயின்டனன்ஸில் அதோடுதானே வாழ்ந்தேன். கடிதத்தைச் சுமந்து வருபவளுக்குப் படிக்கத் தெரியும் என்பதுதான் என் புத்தியில் ஏறவில்லை.

பீரோவைத் திறந்தேன். உங்கள் கடிதங்களைப் புதியது மேலே இருக்கும்படி வைப்பேன். இப்போது பழையது மேலே இருந்தது. கதவு விளிம்பில், பூட்டுக்குக் கொஞ்சம் கீழே, காய்ந்துபோன ரத்தம் ஒரு பொட்டு அளவுக்கு. போன ஞாயிறு நான் தூங்கும்போது சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்திருக்கிறாள். அந்தக் கதவு இழுத்துச் சாத்தினால் கையைக் கடிக்கும்.

நான் எழுதியது எல்லாவற்றையும் படித்திருக்கிறாள் மிஸ். ஐந்து பேர் பிழைப்பு அவள் படத்தால் போயிற்று என்று எழுதியது நான். அவளிடம் நேரில் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. அதனால் அதுதான் நிஜம் என்று நினைத்திருப்பாள். இத்தனை நாளாக அப்பாவைத் தூரத்துக்கு அனுப்பியது தான்தான் என்று மனசில் வைத்துக்கொண்டு, விரல் நசுங்கியும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். சொல்லக்கூடாது என்று உட்காரவைத்துச் சொன்னவனும் நான்தானே.

சமையல்கட்டில் நின்று அழுதேன். பார்வதி பார்த்துவிட்டாள். மோகனா உள்ளே காலாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். நான் போய் எப்படி ஆரம்பிப்பது? நீங்கள் இதைப் படித்துத் தேறியவர். சொல்லுங்கள்.

பெரியதம்பி


15-09-2025

பெரியதம்பி சார் அவர்களுக்கு,

பார்வதி அக்கா கையிலேயே பதிலையும் கொடுக்கிறேன்.

ஏன் பிரித்தாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். திருடி மாட்டிக்கொண்டது போல் ஆகிவிடும், அதற்குப் பிறகு உங்கள் முன்னால் வாயே திறக்க மாட்டாள். நீங்கள் நேரில் சொல்வதையும் சமாதானத்துக்குச் சொல்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வாள். முக்கியமான விஷயம் எல்லாம் காகிதத்தில்தான் இருக்கும் என்று அவளுக்குப் பழக்கிவிட்டோம். நீங்களும் நானும் சேர்ந்துதான் பழக்கினோம்.

எனக்குக் கடிதம் எழுதி அவள் பையில் வையுங்கள். அவள் படிப்பாள்.

என் பங்குக்கும் சொல்லவேண்டும். பிள்ளையைக் கேட்காமல் அவள் பயத்தைச் சுவரில் ஒட்டியது என் தப்பு. உங்கள் மாற்றலுக்கு அது காரணமில்லை என்றாலும் தப்புதான். இனிமேல் கேட்டுத்தான் ஒட்டுவோம். மாத அறிக்கையிலும் பிள்ளைகள் வாயால் சொன்னதை எழுத முடியாது என்று டிரஸ்டுக்குச் சொல்லிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

சுகுணா


17-09-2025, விடிகாலை

சுகுணா மிஸ் அவர்களுக்கு,

உங்களுக்கு ஒரு விஷயம் தெரியவேண்டும் என்று இதை எழுதுகிறேன். வேறு யாராவது படித்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. அதனால் இதை நான் ஒட்டவில்லை.

என்னை மாற்றிய உத்தரவில் தேதி ஆகஸ்ட் 9. மோகனா வரைந்த படத்தைக் கம்பெனிக்காரர் பார்த்தது ஆகஸ்ட் 14. ஒன்பது முதலில் வரும், பதினாலு அதற்குப் பிறகுதான் வரும். அதனால் அந்தப் படத்தால் எனக்கு மாற்றல் வரவில்லை. வேறு ஒருவர் சொல்லிக்கொடுத்ததால் வந்தது. அவர் பெரிய ஆள், சின்னப் பிள்ளை இல்லை.

உங்களுக்கு முதலில் எழுதிய கடிதங்களில் நான் இதைத் தப்பாக எழுதிவிட்டேன். கோபத்தில் தேதியைப் பார்க்கவில்லை. அப்பா என்றாலும் தப்பு தப்புதான்.

வீட்டு விஷயத்தை வெளியே பேசாதே என்று மோகனாவிடம் சொன்னேன். அதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வலித்தால் சொல்லவேண்டும். பயந்தால் சொல்லவேண்டும். என்னிடம் சொல்லலாம், அம்மாவிடம் சொல்லலாம், உங்களிடமும் சொல்லலாம். நான் மெதுவாகப் பேசினால் அவளுக்குப் பயம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். இனி மெதுவாகப் பேசவேண்டிய நாளில், ஏன் மெதுவாகப் பேசுகிறேன் என்று அவளிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

எங்கள் பீரோ கதவுக்கு எண்ணெய் போட்டுவிட்டேன். ஆனாலும் அதை விளிம்பைப் பிடித்துச் சாத்தக்கூடாது, கைப்பிடியைப் பிடித்துத்தான் சாத்தவேண்டும். சாவி ஆணியில் தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

அவள் அங்கேயே வரட்டும். கம்பெனி எதற்குப் பணம் கொடுக்கிறது என்ற சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது. அது உங்கள் மேல் இல்லை.

பெரியதம்பி

அண்ணன் என்று எழுதுவதென்றால் எழுதிக்கொள்ளுங்கள்.


18-09-2025

பெரியதம்பி அண்ணன் அவர்களுக்கு,

ஒட்டாமல் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். என் கைக்கு வந்தபோது கறுப்பு டேப் சுற்றியிருந்தது. மூன்று சுற்று. பசைப் பக்கம் ரப்பர் துகள்.

நேற்று மோகனா கிளிப்பை எடுத்துக் கொடியடியில் ரொம்ப நேரம் நின்றாள். எங்கேயும் மாட்டாமல் உள்ளே வந்து கடிதத்தை என்னிடம் கொடுத்தாள். "எங்கப்பா ஒட்ட மறந்துட்டாரு மிஸ், நான் ஒட்டிட்டேன்" என்றாள். நான் அவள் எதிரிலேயே பிரித்துப் படித்தேன், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த காலண்டரை இறக்கித் தரையில் வைத்தாள். ஆகஸ்ட் மாதத்தைத் திருப்பி, கட்டுப் போட்ட விரலை ஒன்பதில் வைத்து ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினாள். பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு, பதினாலு. "அஞ்சு நாள்" என்றாள். திரும்பவும் ஒரு முறை எண்ணினாள். அப்புறம் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் அழுதாள் என்று பார்க்கவில்லை. மற்ற பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு வந்து சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

இன்றைக்கு வந்ததும் கிளிப்பைப் பேசணும் அட்டையில் மாட்டினாள். நானும் வேலையை நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். விரலைப் பற்றிச் சொல்வாள், பீரோவைப் பற்றிச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு. "அந்தத் தாள்ல ஒம்பதுன்னு இருக்கறத நீங்க பாத்தீங்களா மிஸ்?"

இல்லை, அப்பா எழுதியிருந்ததைத்தான் படித்தேன் என்றேன்.

"பீரோல தேடினேன், அது இல்ல" என்றாள். "எனக்காகச் சும்மா எழுதியிருந்தாருன்னா?"

அண்ணன், ஞாயிற்றுக்கிழமை உங்கள் டிபன் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவள் கையில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் சொன்னாலும் நம்பமாட்டாள், நான் சொன்னாலும் நம்பமாட்டாள், அவளே பார்க்கவேண்டும். அவள் உங்கள் மகள்.

சுகுணா